நம்பிக்கை வேறு, நம்பகம் வேறு: பணச் செயலிகளும் பயனர் ஆய்வும்

சில வாரங்களாக வடிவமைப்பு மாணவர்களின் திட்டக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கல்லூரியில் மதிப்பீட்டுக்கு உதவக் கூப்பிட்டிருந்தார்கள். "நம்பகமான பணப் பரிமாற்றச் செயலியை வடிவமைத்தல்" என்ற தலைப்பில் மட்டும் ஏழு வந்திருந்தன. ஏழுக்கும் ஒரே எலும்புக்கூடு. எட்டுப் பத்துப் பேரிடம் நேர்காணல். அதிலிருந்து இரண்டு கற்பனை மனிதர்கள்: ஐடியில் வேலை பார்க்கும் 24 வயது இளைஞர், 'தொழில்நுட்பம் தெரியாத' 55 வயது அம்மா. பிறகு சுவர் நிறைய மஞ்சள் சீட்டுகள். பிறகு பச்சை நிறம், பூட்டுப் படம், பெரிய டிக் குறி, "உங்கள் பணம் பாதுகாப்பாக உள்ளது" என்று ஒரு வாசகம். கடைசியில் ஒரு சோதனை. அதில் பயனரின் 'நம்பிக்கை மதிப்பெண்' மூன்றிலிருந்து நாலரைக்கு ஏறியிருக்கும். முடிந்தது.

மாணவர்களைக் கிண்டல் பண்ணுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2023இல் நானே இப்படி ஒன்றைச் செய்தவன்தான். ஒரு நிறுவனத்துக்காக, கூலி வாங்கிக்கொண்டு. பன்னிரண்டு நேர்காணல், அறுபது பக்க அறிக்கை. அந்த அறிக்கையைப் போன வாரம் தேடி எடுத்துத் திரும்பப் படித்தேன். எழுத்துப் பிழை அதிகம் இல்லை. ஆனால் கேட்ட கேள்வியே பிழை. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

சித்தி போட்ட ஐந்து மதிப்பெண்

ஆய்வைத் தொடங்குமுன் கேள்விகள் புரிகின்றனவா என்று பார்க்க, தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்துக் கேட்டுப் பார்ப்பது வழக்கம். அப்படி உட்கார்ந்தவர்களில் என் சித்தியும் ஒருவர். மதுரைப் பக்கம் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். தையல் கூலியை ஃபோனில் வாங்க அப்போதே பழகியிருந்தார். எங்கள் மாதிரித் திரையைக் காட்டி, "இதப் பாத்தா நம்பிக்கை வருதா சித்தி? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க" என்றேன். அவர் திரையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "அஞ்சு போட்டுக்கப்பா. நீ செஞ்சதுதான?" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே ஐந்து என்று குறித்துக்கொண்டேன். அந்தப் பதிலில் இருந்த "நீ செஞ்சதுதான" என்ற பாதியைக் குறிக்கவில்லை. ஆய்வாளன் என்ற வகையில் என் முதல் தப்பு அதுதான்.

2024 தை மாதம். சித்தி தன் பழைய தையல் மெஷினை விற்க ஒரு விளம்பரம் போட்டார். ஒருவன் கூப்பிட்டான். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னான். பேரமே பேசவில்லை. ஆறாயிரத்தையும் முன்னாடியே அனுப்பிவிடுகிறேன், நீங்கள் மெஷினை எடுத்து வையுங்கள் என்றான். முதலில் சோதனைக்கு என்று பத்து ரூபாய் அனுப்பினான். அது நிஜமாகவே வந்தது. அப்புறம், "ரெண்டாயிரம் ரெண்டாயிரமா மூணு தடவ அனுப்புறேன்மா, வர்றதுக்கு நீங்க பின் போட்டு ஓகே பண்ணணும்" என்றான். சித்தி மூன்று தடவையும் பின் போட்டார். ஆறாயிரம் போனது. ஏறக்குறைய நாற்பது ரவிக்கை தைத்த கூலி.

இருபது நாள் யாரிடமும் சொல்லவில்லை. சித்தப்பாவிடம்கூட. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பாரா என்பது சந்தேகம். பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னபோதும் அழவில்லை. "எழுதப் படிக்கத் தெரிஞ்சவ, நானே நம்பரப் போட்டுக் குடுத்துட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் சோதித்த மாதிரியும் அவர் ஏமாந்த செயலியும் வேறுவேறு. ஆனால் அமைப்பு ஒன்றுதான். என்னை உறுத்துவது இது: சித்தி செயலியை நம்பாததால் ஏமாறவில்லை. நம்பியதால் ஏமாந்தார். திரை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற அந்த ஐந்து மதிப்பெண் நம்பிக்கைதான் அவரைப் பின் போட வைத்தது. என் அறிக்கையின் இலக்கோ, அந்த நம்பிக்கையை இன்னும் கூட்டுவது.

இரண்டு சொல்

தத்துவவாதி ஓனோரா ஓநீல் 2002இல் பிபிசிக்காக ஆற்றிய ரீத் சொற்பொழிவுகள் நம்பிக்கையைப் பற்றியவை. மக்களின் நம்பிக்கை குறைந்துவிட்டது, அதைக் கூட்ட வேண்டும் என்று எல்லோரும் புலம்புகிற காலத்தில் அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். அவர் வாதத்தை என் வார்த்தையில் சொன்னால்: நம்பத் தகாததை நம்புவது நல்லதல்ல, அது ஆபத்து. கூட்ட வேண்டியது நம்பத் தகுந்த தன்மையை. அந்தத் தகுதியைச் சாதாரண மனிதர் தானே சோதித்துப் பார்க்க வழியும் இருக்க வேண்டும்.

தமிழில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. நம்பிக்கை என் மனசுக்குள் இருப்பது. நம்பகம் எதிரில் இருப்பவரிடம் இருக்க வேண்டியது. 'நாணயம்' என்ற சொல்லையும் பாருங்கள். காசுக்கும் அதே சொல், நேர்மைக்கும் அதே சொல். ஒருவரை 'நாணயமான ஆளு' என்று ஊரில் சொல்வது அவர் முகம் களையாக இருப்பதைப் பார்த்து அல்ல. வாங்கின கைமாற்றைச் சொன்ன தேதியில் திருப்பித் தந்ததைப் பார்த்து. தேதி தவறினாலும், வீடு தேடி வந்து காரணம் சொன்னதைப் பார்த்து.

பயனர் ஆய்வு என்ற பெயரில் நாம் பெரும்பாலும் செய்வது முகக்களையைச் சோதிப்பது. பச்சையா நீலமா, பூட்டு மேலேயா கீழேயா. தேதி தவறினால் என்ன ஆகும் என்பதைக் கேட்பதே இல்லை.

பின் என்றால் என்ன?

சித்தி முட்டாள்தனமாக நடந்துகொண்டாரா? இந்தக் கேள்வியை நேர்மையாகப் பார்க்க, அவர் கண்ணால் அந்தத் திரையைப் பார்க்க வேண்டும்.

யுபிஐ வருவதற்கு முன்பே அவருக்குப் 'பின்' தெரியும். ஏடிஎம்மில். அங்கே பின் போட்டால் என்ன நடக்கும்? பணம் கைக்கு வரும். பத்துப் பதினைந்து வருஷம் கை பழகிய பாடம் அது: பின் போடு, பணம் வரும். யுபிஐ அதே சொல்லை எடுத்துக்கொண்டு அர்த்தத்தை மாற்றியது. இங்கே பின் போட்டால் பணம் போகும். மாற்றியதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை.

சரி, இப்போது கற்றுக்கொள்ளட்டும், 'பின் என்றால் பணம் போகும்' என்று மனப்பாடம் பண்ணட்டும் என்றால், அதுவும் நிற்காது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் அதே பின்னைத்தான் போடுகிறோம். அப்போது ஒரு பைசா போவதில்லை. 2022 செப்டம்பரில் வந்த யுபிஐ லைட்டிலோ சிறு தொகைகள் பின் இல்லாமலே போகின்றன. ஆக, பின் போட்டும் பணம் போகாமல் இருக்கலாம். பின் போடாமலும் போகலாம். இதில் எந்த விதியைச் சித்தி தானாகக் கண்டுபிடித்திருக்க வேண்டும்?

இன்னொன்று. பின் போடும் அந்தப் பக்கம், செயலியை வடிவமைப்பவர் கையில் இல்லை. அது என்பிசிஐ எல்லாச் செயலிகளுக்கும் தரும் பொதுவான மென்பொருள் துண்டு. பின் அங்கேயே மறையாக்கம் ஆகி வங்கிக்குப் போய்விடும், செயலிக்குத் தெரியாது. பாதுகாப்புக்கு இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் நம்பகத்தைப் பற்றி எழுதும் திட்டக் கட்டுரைகளில் இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச்சே வராது. ஏனென்றால் அதை மாணவரால் மாற்ற முடியாது. மாற்ற முடிந்த பொத்தான்களின் நிறத்தைப் பற்றி முப்பது பக்கம். பணம் கைமாறும் அந்த ஒரே ஒரு கணத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.

சித்தி பார்த்தது பணம் கேட்கும் கோரிக்கை. யுபிஐயில் பணத்தை நாமும் அனுப்பலாம், எதிராளி நம்மிடம் கேட்டும் வாங்கலாம். இரண்டாவதில் திரையில் ஒரு கோரிக்கை வரும், நாம் சம்மதித்துப் பின் போட்டால் பணம் போகும். நண்பர்கள் ஹோட்டல் பில்லைப் பங்கு பிரிக்க வசதி என்பார்கள். சித்தி தமிழில் வைத்திருந்த அந்தத் திரையில் கோரிக்கைக்குக் கீழே பொத்தானில் 'செலுத்து' என்று இருந்தது. "செலுத்துன்னு போட்டிருந்துச்சு. அவரு செலுத்துறாருன்னு நெனச்சேன்" என்றார். யார் யாருக்குச் செலுத்துவது என்று அந்தப் பொத்தான் சொல்லவில்லை. கோரிக்கையோடு குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. அதில் திருடன் எழுதியிருந்தான்: 'பணம் வர பின் போடவும்.' அந்தத் திரையிலேயே தெளிவான தமிழ் வாக்கியம் திருடன் எழுதியதுதான்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், அவன்தான் எங்களைவிட நன்றாகப் பயனர் ஆய்வு செய்திருக்கிறான். ஏடிஎம் பழக்கம் அவனுக்குத் தெரியும். முதலில் பத்து ரூபாய் வந்தால் சந்தேகம் தீரும் என்பது தெரியும். தனிநபர் கோரிக்கைக்கு 2,000 ரூபாய் வரம்பு என்பதும் தெரியும். அதனால்தான் மூன்று தவணை.

இந்தக் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 1 முதல் தனிநபருக்குத் தனிநபர் இப்படிக் கோரிக்கை அனுப்பும் வசதியை என்பிசிஐ நிறுத்திவிட்டது. வணிக நிறுவனங்கள் கேட்பதை மட்டும் அப்போது நிறுத்தவில்லை. எச்சரிக்கை வாசகம் போட்டுப் பார்த்தார்கள், வரம்பு வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் அந்தக் கதவையே அடைத்தார்கள். யுபிஐ 2016இல் வந்தது. ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது. ஒரு வசதியை எடுத்துவிடுவதும் வடிவமைப்புதான். ஆனால் நான் படித்த ஏழு கட்டுரைகளில் ஒன்றுகூட "இந்த வசதி வேண்டாம்" என்று முடியவில்லை. எல்லாம் ஏதாவது ஒன்றைச் சேர்த்துத்தான் முடிகின்றன.

மீன் விற்கும் அக்காவும் பேசும் பெட்டியும்

நல்ல உதாரணமும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து நம் ஊர்ப் பணச் செயலி உலகில் நடந்த மிக நல்ல வடிவமைப்பு, செயலிக்கு வெளியே நடந்தது. கடையில் இருக்கும் அந்தச் சின்ன ஒலிப்பெட்டிதான் அது. பேடிஎம் பரவலாக்கியது, பிறகு ஃபோன்பே முதலிய மற்றவர்களும் கொண்டுவந்தார்கள்.

எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் அக்காவிடம் அது வருவதற்கு முன்பு எப்படி இருந்தது என்று கேட்டேன். "கையெல்லாம் செதிலு தம்பி. ஃபோனத் தொட முடியாது. ஃபோனும் மகன்கிட்டதான் இருக்கும், அவன் கம்பெனிக்குப் போயிருவான். வாங்க வர்றவுக ஃபோன நீட்டிக் காட்டுவாக, டிக்கு போட்டிருக்கும். நா அத நம்பணும். சாயந்தரம் மகன் வந்து கணக்குப் பாத்தா ரெண்டு பேரு காசு வந்திருக்காது."

இந்தப் பேச்சில் ஓர் ஆய்வறிக்கையே இருக்கிறது. பணம் கொடுப்பவருக்காகச் செய்த பச்சை டிக் திரையை, வாங்குபவருக்கு ரசீதாக நீட்டினார்கள். அந்த டிக் யாருடைய ஃபோனில் தெரிகிறது? எந்த ஆளை நம்பலாமா என்பது கேள்வியோ, அந்த ஆளுடைய ஃபோனில். அப்படியே அச்சு அசலாக டிக் காட்டும் போலிச் செயலிகளும் வந்தன. நாம் அழகாக்கிய வெற்றித் திரைதான் அவர்களுக்கு முதல்.

பெட்டி இதைத் தலைகீழாக மாற்றியது. அதற்குள் தனி சிம் இருக்கிறது. அக்காவின் கையோ, மகனின் ஃபோனோ, வாங்க வந்தவரின் திரையோ எதுவும் வேண்டாம். கணக்கில் பணம் ஏறினால் பெட்டி பேசும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. சுற்றி நிற்கும் நாலு பேருக்கும் கேட்கிறது, அதனால் நாலு பேரும் சாட்சி. ஓநீல் சொன்ன அந்தச் சோதித்துப் பார்க்கும் வழி இதுதான். அக்காவுக்கு யார் மீதும் நம்பிக்கை வர வேண்டிய அவசியமே இல்லை. காதால் கேட்டால் போதும்.

ஆனால் பெட்டிக்கும் ஒரு விலை உண்டு. மாத வாடகையைச் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அக்கா பெட்டியின் சத்தத்தை ஆகக் குறைத்து, தராசுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "வட்டிக்குக் குடுத்தவன் எதுக்க டீக்கடையிலதான் ஒக்காந்திருப்பான். ஒவ்வொரு தடவ அது கத்துறப்பவும் அவனும் கூட்டிக்கிட்டே வர்றான்" என்றார். சாட்சியாக வந்த சத்தம் உளவாகவும் ஆகிவிட்டது. இதை எந்த மதிப்பெண் அட்டவணையில் போடுவது? கடைக்கு எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்தால்தான் தெரியும்.

திரையில் இருக்கும் தமிழ்

சித்தி தடுக்கி விழுந்தது 'செலுத்து' என்ற ஒரு சொல்லில். மற்ற சொற்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க, என் ஃபோனில் மூன்று செயலிகளைத் தமிழுக்கு மாற்றிவைத்து ஒரு மாதம் புழங்கினேன். மொழி ஆர்வத்தால் அல்ல. பணம் நடுவில் மாட்டிக்கொண்டால் எந்தச் சொல் வருகிறது என்று பார்ப்பதற்காக.

பணம் கொடுப்பதை 'கட்டணம்' என்கிறார்கள். நமக்குக் கட்டணம் என்றால் பஸ் கட்டணம், பள்ளிக் கட்டணம். ஒரு சேவைக்காக நம்மிடம் பிடிப்பது. 'உங்கள் கட்டணம் வெற்றி' என்று வந்தால், இதற்குத் தனியாகக் காசு பிடித்தார்களோ என்றுதான் தோன்றும். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் அப்படித்தான் நினைத்து, ஒரு மாதமாக ஃபோனில் பணம் அனுப்புவதையே நிறுத்தியிருந்தார்.

இதைவிட மோசம், 'நிலுவையில் உள்ளது'. பணம் இன்னும் போய்ச் சேரவில்லை என்பதற்கு இந்தச் சொல். தமிழில் நிலுவை என்றால் பாக்கி. வீட்டு வரி நிலுவை, கரண்ட் பில் நிலுவை. கணக்கிலிருந்து 500 ரூபாய் எடுத்துவிட்டு '500 ரூபாய் நிலுவையில் உள்ளது' என்று சொன்னால், நான்தான் இன்னும் 500 தர வேண்டும் என்று ஆகிறது. பலர் உடனே மறுபடியும் அனுப்பிவிடுவார்கள். இரண்டு தடவை போய்விடும். ஒரு மொழிபெயர்ப்புப் பிழைக்குப் பயனர் கொடுக்கும் விலை.

அந்த நேரத்தில் மனுஷனுக்கு வேண்டியது மூன்றே பதில். பணம் இப்ப எங்க இருக்கு? எப்பத் திரும்ப வரும்? வரலைன்னா யார்கிட்டக் கேக்கணும்? இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதி போட்டிருக்கிறது. ஒருவருக்கு அனுப்பிய பணம் கணக்கிலிருந்து கழிந்து அவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கொடுத்ததற்கு உறுதி வரவில்லை என்றால் 5 நாளுக்குள். தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும். சட்டப்படி இருக்கும் வாக்குறுதி இது. தேதி தவறினால் என்ன என்பதற்கு நாணயமான பதில். நான் ஒரு மாதம் பார்த்த தோல்வித் திரைகளில் இந்த நூறு ரூபாயைப் பற்றி ஒரு தடவையும் சொல்லவில்லை. பூட்டுப் படம் மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது.

இப்படி எழுதினால் என்ன: "உங்கள் கணக்கிலிருந்து 500 ரூபாய் எடுத்தாயிற்று. கடைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. இப்போது திரும்ப அனுப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் கடைக்குப் போகும், இல்லையென்றால் உங்களுக்கே திரும்பும். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குச் சேரும்." இலக்கியம் இல்லை. ஆனால் சித்திக்குப் புரியும். ஒரு நிறுவனம் தன் வாயாலேயே தேதியைச் சொல்வதால், தவறினால் அதைக் கேள்வி கேட்கவும் முடியும்.

நேர்காணலில் கிடைக்காதது

என் பழைய அறிக்கைக்குத் திரும்புகிறேன். அதில் எங்கே கோட்டைவிட்டேன் என்று ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்தேன்.

முதலாவது, நாங்கள் சோதித்தது பொய்ப் பணம். மாதிரித் திரையில் 500 ரூபாய் அனுப்பச் சொன்னோம். யாருடைய 500? யாருடையதும் இல்லை. இழக்க ஒன்றும் இல்லாத இடத்தில் நம்பிக்கை என்ற பேச்சுக்கே பொருள் இல்லை. எதிரில் இருப்பவர் மனம் கோணாமல் நடந்துகொள்ளும் மரியாதையைத்தான் நாங்கள் அளந்தோம்.

இரண்டாவது, கருத்தைக் கேட்டோம், நடந்ததைக் கேட்கவில்லை. 'நம்பிக்கை இருக்கிறதா' என்பதற்குப் பதில், 'கடைசியா எப்ப இதுல பயந்தீங்க? அப்ப யாரக் கூப்பிட்டீங்க?' என்று கேட்டிருந்தால் வேறொரு உலகம் திறந்திருக்கும். பக்கத்துக் கடைக்காரர், கல்லூரியில் படிக்கும் மருமகன், வங்கிக் கிளையில் தெரிந்த ஊழியர். இவர்கள்தான் நிஜமான உதவி மையம். இவர்களில் ஒருவர்கூட எங்கள் ஆய்வில் இல்லை.

மூன்றாவது, 'ஒரு ஃபோன், ஒரு ஆள்' என்று எடுத்துக்கொண்டோம். மீன் அக்காவின் கணக்கு அவர் பெயரில், ஃபோன் மகன் கையில், பின் மருமகளுக்குத் தெரியும். நித்யா சாம்பசிவனும் உடனாய்வாளர்களும் 2010இலேயே, பெங்களூருவின் குறைந்த வருமானக் குடியிருப்புகளில் இப்படி இன்னொருவர் வழியாகக் கருவிகளைப் புழங்குவதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். படித்திருக்கிறேன். மேற்கோளும் காட்டியிருக்கிறேன். ஆனாலும் நேர்காணலுக்கு 'சொந்த ஃபோன் உள்ளவர்களை' மட்டுமே தேர்ந்தெடுத்தோம். கட்டுரையைப் படிப்பது வேறு, அதன்படி ஆளைத் தேடுவது வேறு.

நான்காவதுதான் பெரியது. எங்கள் வெற்றிக்கு அளவுகோல் நொடிகள். எத்தனை நொடியில் பணம் அனுப்புகிறார் என்பது. 2025 ஆகஸ்டில் யுபிஐ ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டியது. இந்த அளவுக்கு வளர்ந்த ஒன்றில் வேகத்துக்குப் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். தெரிந்த டீக்கடைக்குப் பதினைந்து ரூபாய் அனுப்ப வேகம் வேண்டும். முன்பின் தெரியாத ஆளுக்கு முதல் தடவை இரண்டாயிரம் போகும்போது வேகம் யாருக்கு லாபம்? அங்கே கொஞ்சம் தடுக்கி நிறுத்துவதுதான் அக்கறை. 2025 ஜூன் இறுதியிலிருந்து, பணம் அனுப்புமுன் எதிராளியின் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நம் ஃபோனில் 'ராணுவக்காரர்' என்று சேமித்திருந்தாலும் வங்கியில் இருக்கும் பெயர் தெரியும். நல்ல நடவடிக்கை. இதற்கு ஆய்வு தேவைப்பட்டிருக்காது. ஏமாந்த பத்துப் பேரிடம் பேசியிருந்தால் போதும்.

நட்டம் யாருக்கு?

இத்தனையும் சரிசெய்தாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அதை எந்தத் திரையாலும் தீர்க்க முடியாது. ஏமாந்தால் நட்டம் யாருக்கு?

ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வங்கியின் தவறும் இல்லாமல் வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நட்டம் இல்லை. ஆனால் அவருடைய கவனக்குறைவால் போயிருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போனதெல்லாம் அவர் தலையில்தான். சித்தி தன் கையால் பின் போட்டார். ஆகவே விதியின் கண்ணில் குற்றவாளி யார் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அந்த இருபது நாள் மௌனம் வெறும் வெட்கம் அல்ல. விதி சொன்னதைத்தான் அவரும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிரிட்டனில் வேறு வழியில் போகிறார்கள். 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாற்றி அனுப்பவைத்த பணத்தையும், பெரும்பாலான சந்தர்ப்பங்களில் 85,000 பவுண்டு வரை, பணச் சேவை நிறுவனங்கள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய பக்கமும் வாங்கிய பக்கமும் பாதிப் பாதி ஏற்கின்றன. இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியுமா என்பது தனி விவாதம். நம்முடைய எண்ணிக்கை வேறு, கட்டணமே வாங்காத நம் அமைப்பின் பொருளாதாரம் வேறு. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நட்டம் நிறுவனத்தின் பணப்பெட்டியைத் தொடும்போது, வடிவமைப்பாளரிடம் அது கேட்கும் கேள்வியே மாறிவிடும். 'ஏன் இவர் தயங்குகிறார்' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், 'ஏன் இவர் தயங்கவில்லை' என்று கேட்க ஆரம்பிப்பார்கள். திருடன் அனுப்பிய கணக்கை யார் திறந்து கொடுத்தது என்றும் கேட்பார்கள்.

மாணவர்களுக்கான என் மதிப்பீட்டுக் குறிப்பில் இதைத்தான் எழுதினேன். உங்கள் செயலியில் தப்பு நடந்தால் யார் பணம் போகும் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அதற்குப் பதில் 'பயனருடையது' என்றால், மீதிப் பக்கங்களில் 'நம்பிக்கை' என்ற சொல்லைப் போடுவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள். ஒரு மாணவிக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எங்க வேல இல்லயே சார், நாங்க டிசைன்தான பண்றோம்" என்றார். 2023இல் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதனால் அவருக்கு மார்க் குறைக்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தி திரும்பவும் ஃபோனில் பணம் வாங்குகிறார். ஆனால் இப்போது இரண்டு கணக்கு. செயலியோடு இணைத்திருப்பது புதிதாக ஆரம்பித்த கணக்கு. அதில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் சேர விடுவதில்லை. சேர்ந்தால் வங்கிக்கே நடந்து போய் எடுத்து, பாஸ்புக் இருக்கும் பழைய கணக்கில் போட்டுவிட்டு வருகிறார். "இதுல போனா ஆயிரத்தோட போகட்டும்" என்றார். யாரும் சொல்லித் தரவில்லை. நட்டத்துக்குத் தானே ஒரு வரம்பு கட்டிக்கொண்டார்.

அறுபது பக்க அறிக்கையில் நாங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டியது அதுதான். அடுத்த முறை ஆய்வுக்குப் போனால், மாதிரித் திரையை எடுத்துப் போகப் போவதில்லை. அந்த ஆயிரம் ரூபாய்க் கணக்கைப் போல ஒவ்வொரு வீட்டிலும் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வருவதாக இருக்கிறேன்.